எனக்குப் பிடித்த படங்கள்: இன்றே கடைசி

தியேட்டர் மேனேஜர் வேலையில் படம் ஓடினால் ஹீரோவுக்குப் பேரு, ஓடாவிட்டால் நமக்குத் திட்டு. எங்கள் தியேட்டர் திருத்தங்கல் ரோட்டில் இருக்கிறது. முதலாளிக்குப் பட்டாசுக் கம்பெனி ஒன்று, பிரஸ் ஒன்று. தியேட்டர் அவருக்கு மூன்றாவது பிள்ளை, அதுவும் உருப்படாத பிள்ளை. பெரிய ஹீரோ படங்களுக்கு நடுவில் காலியாகக் கிடக்கிற வாரங்களில் எனக்குப் பிடித்த படத்தைப் போட்டுக்கொள்ள விட்டிருந்தார். இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு கூப்பிட்டார். "ஏலே, நீ போடுற படத்துல ஒண்ணாவது ரெண்டாவது வாரத்துக்குப் போகணும். இல்லேன்னா அடுத்த வருஷத்துல இருந்து நான் சொல்றதுதான் படம். நீ வாயைத் தொறக்கப்படாது."

டிசம்பர் வந்தால் 'இந்த வருஷம் எனக்குப் பிடித்த படங்கள்' என்று பட்டியல் போடுகிற சினிமாப் பைத்தியங்களே, நீங்கள் ரசித்துவிட்டு எழுதுகிறீர்கள். நான் அதையெல்லாம் ஊருக்குப் போட்டுக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவன். என் பட்டியலையும் கேளுங்கள். படத்தின் பேரைச் சொல்லமாட்டேன். எடுத்தவர்கள் பாவம், ஏற்கனவே நொந்துபோய் இருப்பார்கள்.

பேசாத படம்

பொட்டல் காட்டில் தனியாக இருக்கிற ஒரு ரயில்வே கேட்கீப்பரின் கதை. ரொம்ப நேரத்துக்கு யாரும் பேசமாட்டார்கள். காற்றுச் சத்தம், தண்டவாளச் சத்தம், அவன் அடுப்பு ஊதுகிற சத்தம், அவ்வளவுதான். நான் முதல் தடவை பார்த்தபோது கண்கலங்கிவிட்டேன். என்ன மாதிரி எடுத்திருக்கிறான், படுபாவி!

முதல் காட்சிக்கு வந்த ஆட்களை இரண்டு வரிசையில் உட்காரவைத்துவிடலாம். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் கதவைத் தள்ளிக்கொண்டு என் ரூமுக்கே வந்துவிட்டார். சாத்தூரில் தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டு வந்த வேன் டிரைவர். படத்தின் அழகை அவருக்கு விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாச்சி, ஸ்பீக்கர் போயிருச்சுன்னா டிக்கெட்டு குடுக்கும்போதே சொல்லிரணும்லா?"

கூட்டம் வந்த மதியம்

சித்திரை வெயிலில், சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற ஒரு தாயின் கதையைப் போட்டேன். மதியக் காட்சிக்கு நல்ல கூட்டம். எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்ல சினிமாவுக்கு நம் ஊர் எழுந்துவிட்டது என்று முதலாளிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். இடைவேளை விட்டும் முறுக்கு, டீ வாங்க ஒரு ஆள் வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் ஏ.சி.யில் காலை நீட்டித் தூங்குகிறார்கள். திரையில் அந்தத் தாய் நடுத்தெருவில் அழுதுகொண்டிருந்தபோது பின் வரிசையில் குறட்டை. படம் முடிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போன ஒரு பெரியவரிடம் படம் எப்படி என்று மனசு கேட்காமல் கேட்டேன். "நல்ல படம் அண்ணாச்சி, ஒரு எடத்துலகூட எழுப்பல."

மழைப் படம்

இது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் மழை பெய்கிற படம். ஒரு ஆணும் பெண்ணும் மழைக்கு ஒதுங்கிய இடத்திலேயே கதை முடிந்துவிடும். உங்களில் பாதிப் பேர் இதை உருகி உருகி எழுதினீர்கள். நானும் உருகினேன். ஆனால் நான் உருகியது தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் ஊரில் அப்போது மழை என்ற வார்த்தையையே யாரும் சொல்லமாட்டார்கள். வெடிமருந்து வைத்த சரக்கு வெயிலில் காயவேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை.

படம் போட்ட வெள்ளிக்கிழமையே வானம் பொத்துக்கொண்டது. சனிக்கிழமையும் கொட்டியது. வேலை இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்த பேக்கிங் செக்‌ஷன் பெண்கள், இங்கனயும் மழைதானா என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனியில் ஆர்டர் அப்படியே தேங்கிக் கிடக்கிற வயிற்றெரிச்சலோடு முதலாளி வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. வாசலில் இருந்த போஸ்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல இந்தப் படத்தைத் தூக்குலே, மழை நிக்கட்டும்."

ஊரே நடித்த படம்

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பட்டாசுத் தொழிலாளிகளைப் பற்றிய படம். போன வருஷம் ஆமத்தூர் பக்கம் செட் போட்டு எடுத்தார்கள். கூட்டத்தில் நடித்ததெல்லாம் நம்ம சனம்தான். தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டிருந்த நேரத்தில் வந்தது. விடுவேனா? ஊரே திரண்டு வந்தது. சித்தியைக் கண்டால் விசில், மச்சானைக் கண்டால் கைதட்டல். ஹீரோ வந்தபோது, அங்கிட்டுத் தள்ளுய்யா, எங்க அக்காவை மறைக்கிற என்று ஒரு சத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் பாதியில் வெடி விபத்து வரும். எனக்கு அது உறைக்கவே இல்லை, பாருங்கள். படம் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு யாரையும் கேட்காது. பாதித் தியேட்டர் எழுந்துவிட்டது. சிலர் எந்தப் பக்கம் புகை என்று பார்க்க வாசலுக்கு ஓடினார்கள், மற்றவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். நான் விளக்கைப் போடச் சொன்னேன். லீவு நேரம், எந்தக் கம்பெனியும் திறந்திருக்கவில்லை. அது அவர்களுக்கும் தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மகளுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்ததும் மூச்சு விட்டாள். "ஒண்ணுமில்லத்தா, படம்தான். சரி, சோத்தை வடிச்சு வையி."

சீக்கிரம் போகிற அம்மா

அந்த வாரம் காளீஸ்வரி என்று ஒரு பெண் தினமும் மதியக் காட்சிக்கு வந்தாள். தனியாக வருவாள். முன்னால் போய் உட்காருவாள். இடைவேளைக்கு வெகுநேரம் முன்பே எழுந்து போய்விடுவாள். காசைக் கொடுத்துவிட்டுப் பாதியில் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. மூன்றாம் நாள் வாசலில் நிறுத்தி, படம் பிடிக்கவில்லையா, எதுக்கு தினமும் வாரீக என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. முதல் பாதியில் தொழிலாளிகள் மரத்தடியில் டீ குடிக்கிற காட்சி ஒன்று வரும். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற மனுஷன் அவள் வீட்டுக்காரர். படப்பிடிப்பு முடிந்து அடுத்த சீசனில் நிஜ விபத்து ஒன்றில் போய்விட்டார். வீட்டில் அவர் போட்டோ இருக்கிறதாம், அசைகிற மாதிரி எதுவும் இல்லையாம். நான் வழியைவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள்தான் பேச்சை முடித்தாள். "படத்துக்கு என்ன அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. அவுக இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

இரண்டாவது வாரம்

இதற்குள் சினிமாப் பைத்தியங்களே, நீங்கள் நெட்டில் எழுத ஆரம்பித்திருந்தீர்கள். நல்ல படம், ஆனால் முதல் பாதி இழுவை. ஆட்கள் டீ குடிப்பதை எம்புட்டு நேரம் காட்டுவது என்று ஒருத்தர். எடிட்டர் தூங்கிவிட்டார் போல என்று இன்னொருத்தர், அதற்கு ஆயிரம் பேர் கைதட்டல். படக் கம்பெனி பயந்துபோய், ரசிகர்களின் விருப்பத்துக்கு இணங்கி நீளத்தைக் குறைத்துவிட்டோம் என்று அறிவித்தது. முன்னே மாதிரி பெட்டி வந்து, ரீலை ஒட்டி என்கிற வேலையெல்லாம் இப்போது கிடையாது. புதன்கிழமை காலையில் புதுப் பிரதி தானாக எங்கள் சர்வருக்கு வந்தது, பழையது தானாகப் போய்விட்டது. படம் சின்னதானதால் நாளுக்கு ஒரு காட்சி கூடுதலாகப் போடலாம். முதலாளி கணக்குப் பார்த்துவிட்டு, ரெண்டாவது வாரம் போட்டுக்கலே, நீ ஜெயிச்சுட்ட என்று முதுகில் தட்டினார். போஸ்டர் மேலே 'இரண்டாவது வாரம்' என்று சிவப்புத் துண்டு ஒட்டியதை ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். என் வேலையில் அப்படி ஒரு பெருமையை நான் அனுபவித்ததில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் காளீஸ்வரி எழுந்து போகவில்லை. இடைவேளையிலும் நாற்காலியைவிட்டு நகரவில்லை. இரண்டாம் பாதி முழுக்க, அந்த வெடிச் சத்தத்துக்கும் சேர்த்து உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாள் எதைப் பார்க்கக் கூடாது என்று எழுந்து போனாளோ, அதையும் பார்த்திருக்கிறாள். எல்லாரும் போனபிறகு என் ரூம் வாசலில் வந்து நின்றாள். "அவுக இன்னைக்கு வரலையே அண்ணாச்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டு, பழைய பிரதியை ஒரே ஒரு காட்சிக்காவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அங்கே இருந்த பையனுக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. அந்த சீன் கதைக்குத் தேவை இல்லை சார், இனி எங்கேயும் வராது, பின்னால போன்ல வரப்போறதுகூட வெட்டினதுதான் என்றான். போனை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று முனகினேன். அவள் அதை அப்படியே நம்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டாள். "சரி அண்ணாச்சி, நாளைக்கு வந்து பாக்கேன்."

இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடித்தது கதைக்குத் தேவை இல்லாத அந்த டீ குடிக்கிற காட்சிதான், அது இப்போது எந்த ஊரிலும் ஓடவில்லை, ரசிகப் பெருமக்கள் தேடிச் சிரமப்படவேண்டாம்.