நிழல் விழாத படகுத்துறை

ஜெயமதியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தப் பட்டியல் இப்போதும் ஒட்டியிருக்கிறது. நம்பாதவர்கள் மொன்றியலின் டோர்வல் பகுதிக்குப் போய்ப் பார்க்கலாம், தேநீரும் தருவாள். இரண்டு வரிகளுக்கு எதிரே பேனாவால் சரி போட்டிருக்கும். ஏன் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். நேரங்களை அவள் அன்றன்றே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். இங்கே நான் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

பட்டியலை எழுதியவர் அவளுடைய அண்ணன் தங்கராசா. இருவரும் ஒரே ஆண்டில்தான் மட்டக்களப்பை விட்டு வெளியேறினார்கள். அவள் மொன்றியலுக்கு வந்து விமான நிலையத்தில் துப்புரவு வேலையில் சேர்ந்தாள். அவர் நோர்வேயில் ஒரு சின்ன ஊருக்குப் போனார். இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் இடம். முந்நூறு பேர், ஒரு கடை, ஒரு மீன் கொம்பனி. அந்தக் கொம்பனியில்தான் வேலை. இருபத்துமூன்று ஆண்டுகள் ஒருவரையொருவர் நேரில் காணவில்லை. முதலில் இவளிடம் வதிவிடப் பத்திரம் இல்லை. பிறகு அவருக்கு லீவு இல்லை. பிறகு இவளுடைய இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்கள் அடைத்துக்கொண்டன. சத்திரசிகிச்சை முடிந்து, டொக்டர் விட்டால், மார்ச் மாதம் போவது என்று முடிவாகி, பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது.

அதற்காகத்தான் பட்டியல். 'கொக்கு வந்தால் செய்யவேண்டியவை' என்று தலைப்பு. சின்ன வயதில் கண்ணாடி வெட்டியதிலிருந்து ஜெயமதியின் இடது குதிகால் நிலத்தில் படாது. ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்பாள். கொக்கு என்பது அண்ணன் வைத்த பெயர்.

முதல் வரி, குளிர் ஜாக்கெட் தேடிக் கடை கடையாகத் திரியாதே, படகால் இறங்கியவுடன் என்ர சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டுவிடுவன் என்றது. கடைக்கார மனுசி சுடும் வாஃபிள் அப்பத்தை, பிறவுண் சீஸ் என்ற இனிப்புப் பாற்கட்டியோடு தின்னவேண்டும். பிடிக்காவிட்டாலும் பிடித்தது என்று சொல்லவேண்டும். அருவிக்குப் பின்னால் போகும் பாதையில் நனையாமல் நடக்கவேண்டும். எதிர் மலையைப் பார்த்துத் தன் பெயரைத் தானே கூப்பிடவேண்டும். மலை திருப்பிக் கூப்பிடும். பிறகு வெயில். ஒக்டோபர் முடிவில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் பெப்ரவரியில்தான் ஊருக்குள் திரும்பி வருமாம். 'அதுவரைக்கும் இஞ்ச ஒருத்தருக்கும் நிழல் இல்லை, தங்கச்சி. நீ மார்ச்சில வாறபடியால் உன்ர நிழலையும் கூட்டிக்கொண்டு வரலாம்' என்று எழுதியிருந்தார். கடைசி வரி: 'ஒரு வியாழன் இரண்டு பேரும் சேர்ந்து கமராவுக்கு முன்னால் நிற்கவேணும்.'

அந்தக் கமரா படகுத்துறையில் இருக்கிறது. படகு வந்துவிட்டதா, பனி கொட்டுகிறதா என்று பயணிகள் பார்ப்பதற்காக ஊர்ச்சபை பூட்டியது. நிமிடத்துக்கு ஒரு படம் இணையத்தில் மாறும். மூலையில் நேரம் இருக்கும். வியாழன் ஜெயமதிக்கு விடுமுறை. வியாழன்தோறும் தங்கராசா வேலை முடிந்து சரியாக 15:10க்கு அங்கே வந்து நின்று, மீன்பையைத் தூக்கிக் காட்டுவார். இங்கே அப்போது காலை 9:10. ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. பிறகு போய்விடுவார். பதினொரு ஆண்டுகளாக அதுதான் அவர்களுடைய சந்திப்பு. வீடியோவில் கதைத்தால் அண்ணனின் மூக்குத் துவாரம்தான் தெரியும், இதில்தான் ஆள் முழுதாக நிற்கிறார் என்பாள்.

சத்திரசிகிச்சை நவம்பர் 14 அன்று. அதுவும் ஒரு வியாழன். நாளைக்கு நான் பார்க்கமாட்டேன், வந்து நிற்கவேண்டாம் என்று முதல்நாள் சொன்னாள்.

"நான் நிப்பன்," என்றார் அண்ணன். "நீ எழும்பி வா."

கண்விழித்தபோது வாயெல்லாம் உப்பு. உள்ளங்கால்கள் பனிக்கட்டி. தாதி இரண்டு தரம் சூடான போர்வை கொண்டுவந்து சுற்றினாள். நெஞ்சில் தையலைச் சுற்றித் தோல் மரத்திருந்தது. அது வழமைதான், மாதக்கணக்கில் இருக்கும் என்றார்கள். அதற்கும் உள்ளே இன்னொன்று மரத்திருந்தது. அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சந்தோசம் என்ற சொல் ஞாபகம் இருந்தது. அது உடம்பில் எந்த இடத்தில் வரும் என்பது மறந்துபோயிருந்தது.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஊர்க்காரி கிறேஸ், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் இடத்தில் வேலை செய்பவள், துணைக்கு வந்து தங்கினாள். ஊர் வழக்கில் இருவரும் ஒருவரையொருவர் 'கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் மட்டும் போன் எடுக்கவில்லை. அவருடைய மகன் அனுஜன் செய்தி அனுப்பியிருந்தான். அப்பாவின் போன் கடலுக்குள் விழுந்துவிட்டதாம். தொண்டையும் கட்டிவிட்டதாம். பேந்து, சுகமான பிறகு கதைப்பாராம்.

நவம்பர் 21. வியாழன்.

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். 9:08. வெறும் துறை. மழையில் நனைந்த பலகைகள். 9:09. வெறும் துறை.

9:10. அண்ணன் நின்றார்.

ஜாக்கெட் இல்லை. சேட்டு மட்டும். கையில் மீன்பை இல்லை. தொண்டை கட்டின மனிதர் இப்படியா வந்து நிற்பது என்று நினைத்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

அவருடைய காலடியிலிருந்து கறுப்பாக ஏதோ நீண்டு கிடந்தது. எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று திரைக்குக் கிட்டப் போனாள். எண்ணெய் இல்லை... நிழல்.

கம்பத்துக்கு நிழல் இல்லை. வேலிக்கு இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது.

9:11. வெறும் துறை.

நவம்பர் 28. கிறேஸ் அடுப்படியில் நின்றாள். 9:10க்குப் படம் மாறியது.

"அண்ணை நிக்கிறார் கிறேஸ், வந்து பாரு கா."

கரண்டி விழுந்த சத்தம். கிறேஸ் மெதுவாக வந்தாள். திரையையே பார்த்தபடி நின்றாள்.

"எங்க?"

"இந்தா... நடுவில."

"ஈரப் பலகைதான் கா கிடக்கு."

கிறேஸ் மடிக்கணினியை மூடினாள். குளிசை போடும் நேரம் என்றாள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தோள் குலுங்கியது. வெங்காயம் என்று ஜெயமதி நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 5. கிறேஸ் வேலைக்குப் போய்விட்டாள்.

9:10. அண்ணன் பலகையின் விளிம்பில் நின்றார். முகம் கமராவுக்கு இல்லை. பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பதுபோல...

பக்கத்தில் யாரும் இல்லை.

நிழல் மட்டும் இரண்டு.

இரண்டாவது சின்னது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

9:11. அப்படியே.

9:12. அப்படியே. இவ்வளவு நேரம் அவர் நிற்பதே இல்லை.

9:13. ஆள் இல்லை. நிழல்கள் கிடந்தன. இரண்டும்.

9:14. வெறும் துறை.

உள்ளங்கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். கம்பளிக் காலுறை. உலர்ந்த தரை. ஆனாலும்... ஈரப் பலகையில் நிற்பதுபோல.

பயப்படவேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

டிசம்பர் 11, புதன், காலை 11:20. மருத்துவமனையில் பரிசோதனை. எல்லாம் நல்லது, மார்ச் மாதம் பறக்கலாம் என்றார் டொக்டர். அவர் பிரெஞ்சில் சொன்னதைக் கிறேஸ் தமிழில் சொன்னாள். டொக்டர் தாளைத் திருப்பி, தன் வேலையைக் காட்டும் பெருமையோடு ஒரு வரியைத் தொட்டார். சத்திரசிகிச்சையில் இதயம் நிறுத்தப்பட்டது 9:04. திரும்ப ஓடத் தொடங்கியது 9:51.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததும் கிறேஸ் ஜெயமதியை நாற்காலியில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, அனுஜனுக்குப் போன் எடுத்துக் கையில் தந்தாள். மணி 13:30.

"மாமி... அப்பா இல்லை."

நெஞ்சு தாங்காது என்று பயந்து மறைத்தார்களாம். டொக்டர் சரி என்று சொல்லும்வரை வாய் திறப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்களாம். செத்தவீடும் முடிந்துவிட்டதாம். அவன் அழுதான். ஜெயமதி காத்திருந்தாள், தனக்கும் ஏதாவது வருகிறதா என்று.

"எப்ப?"

"உங்கட ஒப்பரேசன் அண்டைக்கு. துறையில நிண்டவர், கடலுக்குள்ள விழுந்திட்டார். பதினைஞ்சு பத்துக்கு."

இங்கே 9:10.

"ஜாக்கெட் போடாமலா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவள் மூடிக் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள எல்லா இடமும் தேடினவங்கள் மாமி. ஜாக்கெட் இன்னும் கிடைக்கேல்லை." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஒண்டு கேக்கவேணும். பொலிசும் கேட்டுக்கொண்டே இருக்கு. கமராவில விழுந்த கடைசிப் படம் இருக்கு. அனுப்புறன். பாத்துச் சொல்லுங்க."

13:42. படம் வந்தது. கிறேஸ்தான் முதலில் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை போட்டாள். போனை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

மூலையில் 15:10. விளிம்புக்கு ஓரடி முன்னால் அண்ணன். சேட்டோடு. முழுதாக. சிரித்துக்கொண்டு.

பக்கத்தில் ஒரு பெண். கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

தோளில் சிவப்பு ஜாக்கெட்.

அதற்குக் கீழே, முழங்கால்வரை, வெளிர் நீல மருத்துவமனை அங்கி.

வெறுங்கால்.

இடது குதிகால் பலகையில் படவில்லை.

இருவருக்கும் நிழல் இல்லை. நவம்பரில் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

"மாமி," என்றான் அனுஜன். "அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

ஜெயமதி படத்தைப் பார்த்தாள். அண்ணனின் கை அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்திருந்தது.

"தெரியாது, மனே," என்றாள்.