எது கம்ப்யூட்டர் என்று காளியண்ணன் கேட்காமல் விட்டது

கொட்டச்சேட்டுப் பக்கம் இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் காளியண்ணனைத் தெரியாதவர் கிடையாது. களத்து மேஸ்திரி. காயப்போட்ட கொட்டையில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் காயோணுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். முப்பத்தொரு வருசமாக ஈரத்தோடு மல்லுக்கட்டிய மனுசன். அப்பேர்ப்பட்டவர்தான் தொண்ணூற்றைந்தாம் வருசம் ஆவணியில் ஆபீஸ் கம்ப்யூட்டரை மழையில் நனையவிட்டார். சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த வருசம் எஸ்டேட் கைமாறிக்கொண்டிருந்தது. பத்து வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இனி வேலையும் குடியிருக்கிற லைன் வீடும் என்று வாங்குகிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யார் எந்த வருசம் சேர்ந்தார்கள் என்கிற பட்டியலோ ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கரையான் தின்றது போக மிஞ்சிய பதிவேடுகளைப் பார்த்து, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஜேசுதாஸ் ஆறு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டியிருந்தார். தட்டி முடித்ததும் அந்தக் குப்பையை எரித்தும் விட்டார். அச்சடிக்கிற மிஷின் சேலத்திலிருந்து இன்னும் மலையேறவில்லை. நகல் ஒன்று எடுத்து வைப்போம் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோணவும் இல்லை.

அவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோது சாவியைக் காளியண்ணனிடம்தான் கொடுத்தார். "ஈரம் படாம பாத்துக்கங்க மேஸ்திரி. உங்கள விட்டா ஆருக்கு அதப் பத்தித் தெரியும்?"

காளியண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. எது கம்ப்யூட்டர் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இதைப் போய்க் கேட்பார்களா? மேலே டி.வி. மாதிரி இருக்கிறதே, அதில்தானே எழுத்து தெரிகிறது! அடியில் கிடந்த தகரப் பெட்டி, கழுத்து வலிக்காமல் பார்க்க வைத்த மணை என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்றோடு மழை கொட்டியது. களத்திலிருந்து ஓடி வந்து பார்த்தால் ஆபீஸ் கூரையில் மூன்று ஓடு பறந்து, மேசைக்கு நேராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. காளியண்ணன் பூட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தார். சுவிட்சை அணைத்தார், வயர்களைப் பிடுங்கினார், டி.வி.யைத் தன் கம்பளியில் சுற்றிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவர் தெப்பலாக நனைந்திருந்தார். அதன் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"ஏனுங்க, அந்த அடிப்பொட்டி?" என்று கேட்டாள் மனைவி ஆராயி.

"அது சும்மா மணைதா. நனைஞ்சா தொடச்சுக்கலாம்."

ரெண்டு நாள் கழித்து ஜேசுதாஸ் வந்து ஆபீஸைத் திறந்தார். காளியண்ணன் டி.வி.யைச் சுமந்து வந்து, கம்பளியை விலக்கி, பெருமையாகக் காட்டினார். ஜேசுதாஸ் அதைப் பார்க்கவே இல்லை. அடியில் தண்ணீர் கட்டி நின்ற பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனுசன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேஸ்திரி... இதுல தெரியும், அவ்வளவுதா. பேரெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள இருக்குது."

காளியண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் வீடு போச்சு, அத்தனை பேர் வீடும் போச்சு என்று காதுக்குள் இரைந்தது. ஜேசுதாஸ் பதற்றத்தில், எதற்கும் போட்டுப் பார்ப்போம் என்று பிளக்கை எடுத்தார். காளியண்ணன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈரத்தோட தொடாதீங்க. மொதல்ல காயோணும்."

மூடியைக் கழற்றினார்கள். காளியண்ணன் இப்போது வெட்கப்படாமல் கேட்டார். இந்தக் காத்தாடி எதுக்கு? சூடேறாமல் இருக்க. இந்தப் பச்சைப் பலகை? எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்க. பேரு எதிலே? ஜேசுதாஸ் ஓர் இரும்புக் கட்டியைத் தொட்டுக் காட்டினார், செங்கல்லில் பாதிகூட இல்லை.

"இத்தனூண்டுலயா? எரநூறு பேருமா?"

"இன்னும் எடம் கெடக்குதுங்க."

காளியண்ணன் கம்பளி நுனியால் அதை ஒற்றி எடுத்தார்.

அப்புறம் அது அவர் வேலை. வெயிலில் வைத்தால் வெடித்துப்போகும் என்று குடோன் பலகை மேல் நிழலில் வைத்தார். காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் என்று ஆறு நாள் திருப்பிப்போட்டார். கடித்துப் பார்க்க முடியாத சரக்கு அவர் கைக்கு வந்தது அது ஒன்றுதான். மோந்து பார்த்துத்தான் காய்ந்தது என்று சொன்னார்.

ஏழாம் நாள் காலை ஜேசுதாஸ் சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமியது, எழுத்து வந்தது. வாசலில் நின்ற ஆராயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எம் பேரு வருதான்னு பாருங்க" என்றார் காளியண்ணன்.

ஜேசுதாஸ் தேடிப் படித்தார். "காளியண்ணன், களத்து மேஸ்திரி, சேர்ந்தது எம்பத்தொம்பது."

"அறுபத்தி நாலுங்க!"

ஜேசுதாஸ் திகைத்துப்போனார். களத்து மேஸ்திரி பேர் இருந்த பழைய பதிவேட்டைத்தான் கரையான் மொத்தமாகத் தின்றிருந்தது, கிடைத்தது எண்பத்தொன்பதிலிருந்துதான். பார்த்ததை அப்படியே தட்டியிருக்கிறார், தட்டும்போது யார் பேர் என்றுகூட யோசிக்கவில்லை. எண்பத்தொன்பது என்றால் ஆறே வருசம். வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

"எங்கப்பா இங்க ரைட்டரா இருந்தப்பவே நீங்க மேஸ்திரி. எனக்குத் தெரியாதுங்களா?" என்றபடி ஜேசுதாஸ் நாலு தட்டுத் தட்டினார். எண்பத்தொன்பது மறைந்து அறுபத்து நாலு வந்தது. கண்மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அப்பாடா" என்றாள் ஆராயி.

காளியண்ணன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெட்டியில் தண்ணீரைப் பார்த்த அன்றைக்குக்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"இத ஆரு வேணாலும் இப்படி மாத்தலாமுங்களா?"

"தட்டத் தெரிஞ்சா மாத்தலாம்."

காளியண்ணன் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ரைட்டர் முன்னால் வைத்தார். "எம் பேரையும் வருசத்தையும் பேனாவுல எழுதுங்க சாமி. கையெழுத்தப் போட்டு எங்கையில குடுங்க."