ஜாக்கி பயப்படாமல் போக வேண்டும்

ராஜகுமாரிக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் கிடையாது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் ஆனந்த்சங்கரின் கால்நடை கிளினிக்கில் பதினாறு வருடமாக உதவியாளர். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குக் காலை ஒன்பதுக்கே அவள் குரல் கேட்டுவிடும். "ஏலே, ஹாரனை அடிக்காத! உள்ள பூனை இருக்கு!" மனிதர்களிடம் அப்படி. கிளினிக்குக்குள் போய்விட்டால் குரல் அப்படியே இறங்கிவிடும். ஸ்டெதஸ்கோப்பைக்கூட உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் டாக்டரிடம் கொடுப்பாள். இளையரசனேந்தல் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். மிரண்டதை இழுத்தால் இன்னும் மிரளும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தேறாத உயிருக்குக் கடைசி ஊசி போடுகிற நாளில் அவள் சட்டதிட்டம் இன்னும் கடுமை. முந்தைய நாயின் வாடை போகத் தரையைத் துடைப்பாள். வழுக்குகிற இரும்பு மேஜை வேண்டாம் என்று கீழே சாக்கு விரிப்பாள். முதலில் மயக்க ஊசி. நன்றாகத் தூங்கிய பிறகுதான் மற்றது. "சாகப்போறதுக்கு என்ன இவ்வளவு சொகுசு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு வரும்போது தெரியும் அண்ணாச்சி," என்றாள். அதற்கப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

போன வெள்ளிக்கிழமை குற்றாலநாதன் சார் வந்தார். ரிட்டயர்டு தாசில்தார். ஆட்டோவில் அவருடைய பதினான்கு வயது நாய் ஜாக்கி. சிறுநீரகம் இரண்டும் போய், உடம்பெல்லாம் நடுக்கம். கூடவே மனைவி பிரம்மநாயகி, ஒரு ரோஜா மாலை, ஒரு டப்பா பால்கோவா, வீடியோ காலில் பெங்களூர் மகள் காவியா. நிம்மதியாகப் போய்ச்சேர வேண்டிய நாய்க்குப் பிரிவு உபசார விழாவே ஏற்பாடாகியிருந்தது. சார் என்னைக் கூப்பிட்டுச் சம்மதப் படிவத்தில் மூன்று காப்பி கேட்டார். கிளினிக்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மூன்றாவது யாருக்கு என்றேன். "இருக்கட்டும்," என்றார்.

காப்பியோடு நான் உள்ளே போனபோது மாலை ஜாக்கியின் கழுத்தில் கிடந்தது. போனுக்குள்ளிருந்து காவியா, "ஜாக்கி! இங்க பாரு!" என்று அலற, அது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஊர்ந்துபோய் மேஜைக்கடியில் ஒண்டியது. ராஜகுமாரி மாலையைக் கழற்றினாள். போனை வாங்கி, "பொறவு பேசலாம் பாப்பா," என்று அணைத்தாள்.

டாக்டர் மயக்க ஊசியை எடுத்ததும் பிரம்மநாயகி குறுக்கே வந்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ராகு காலத்துலயா? பன்னெண்டு மணி ஆகட்டும்."

அப்போது மணி பத்தே முக்கால்.

"ஏம்மா, ஜாக்கி என்ன பொண்ணு பாக்கவா போறான்? அதுவரைக்கும் கிடந்து துடிக்கணுமா?" என்றாள் ராஜகுமாரி.

சார் முப்பது வருடம் கோப்புகளை நிலுவையில் வைத்துப் பழகியவர். "பன்னெண்டுக்கே வச்சிக்கிடலாம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். "நான் வெளிய இருக்கேன். எனக்கு மனசு தாங்காது."

அவர் செருப்புச் சத்தம் விலகியதும் ஜாக்கி எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால் வரவில்லை. முன்னங்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டு வாசலைப் பார்த்து முனகியது.

ராஜகுமாரி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசலில் அவர் பக்கத்தில் போய் அடிக்குரலில் சொன்னாள்.

"சார், அது ஊசிக்குப் பயப்படல. நீங்க விட்டுட்டுப் போறிய, அதுக்குத்தான் பயப்படுது. உங்க மனசு தாங்காது, சரி. அதுக்கு யார் இருக்கா?"

சார் திரும்பி வந்து, பேண்ட் கசங்குவதைப் பார்க்காமல் சாக்கில் உட்கார்ந்தார். ஜாக்கி ஊர்ந்துவந்து தாடையை அவர் தொடையில் வைத்தது. நடுக்கம் மெல்ல அடங்கியது. "போடுங்க டாக்டர்," என்றார். பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஜாக்கி குறட்டை விட்டது. டாக்டர் கடைசி ஊசியைப் போட்டார். அதற்குத் தெரியவே இல்லை. சற்று நேரம் கழித்து நெஞ்சைப் பரிசோதித்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். சார் அதைக் கவனிக்கவில்லை. ஜாக்கியின் காதோடு குனிந்து, "பயப்படாதலே, நான் இங்கனதான் இருக்கேன்," என்று சொல்லிச் சொல்லித் தடவிக்கொண்டே இருந்தார்.

முடிந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ராஜகுமாரி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

"அவர் சொல்லி முடிக்கட்டும் அண்ணாச்சி."