மூங்கில் தடியோடு ரயில் ஏறியவர்

பிள்ளையள், காலமையில் நான் உங்கள் போர்வையை இழுக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் முணுமுணுப்பது எனக்குக் கேட்காது என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்கு நித்திரை என்றால் என்னவென்றே தெரியாது, பிறக்கும்போதே எழும்பிப் பிறந்தவர் என்று நேற்றும் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.சி.யை இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணினவன். பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

உண்மை என்னவென்றால், என்னுடைய நித்திரையால் நீங்கள் இந்த நாட்டுக்கு வராமலே போயிருப்பீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஃபிட்டர் வேலை தெரியும் என்பதால் எனக்கு விசா கிடைத்தது. உங்களையும் அம்மாவையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு நான் முதலில் வந்தேன். சிட்னியில் கிரான்வில் பக்கம் தண்ணீர்ப் பம்ப் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. காலமை ஆறு மணிக்குத் தொடங்கும். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்தால் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடு வைத்தால்தான் உங்களைக் கூப்பிடலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதமும் என் தலைக்குள் வேறு எதுவுமே இல்லை.

ஆனால் ஊரில் என்னை எழுப்புவது உங்கள் அம்மா. அதுவும் லேசில் நடக்கிற வேலை இல்லை என்று அவவே சொல்லுவா. இங்கே பென்டில் ஹில்லில் ஒரு பழைய மரவீடு. கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரும் நானும் ஒரு அறையில் இருந்தோம். அவர் படம் வரைகிற கந்தோரில் ஒன்பது மணிக்குப் போகிறவர். நான் ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கினேன். அது போதாது என்று அதைத் தகரத் தட்டில் வைத்தேன். தட்டுக்குள் நாலு கரண்டியும் போட்டேன்.

"அண்ணே," என்றார் தம்பி ஒருநாள், கண்ணெல்லாம் சிவந்து. "உங்க அலாரம் தினமும் என்னை எழுப்புது. நான் எழுந்து உங்களை உலுக்குறேன். நீங்க 'ஓம் ஓம்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிறீங்க. எனக்கு அப்புறம் தூக்கமே வர்றதில்ல. ஆபீஸ்ல போர்டு மேலேயே தூங்கறேன்."

"நான் ஓம் எண்டு சொன்னனானா?"

"ஆமா. ஒரு நாள் தேங்க்யூ வேற சொன்னீங்க."

மூன்று மாதத்துக்குள் மூன்று தரம் பிந்திப் போனேன். போர்மன் நல்ல உயரமான ஆஸ்திரேலியர், சத்தம் போடாத மனிதர். மூன்றாம் தரம் மூன்று விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினார். நாலாவது விரலைப் பாதி மடித்து வைத்திருந்தார். அதை முழுதாக நிமிர்த்தினால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எழுபதைத் தாண்டினவர். இங்கிலாந்தில் லங்காஷயர் என்கிற மாகாணத்து ஆலை ஊர் ஒன்றில் பிறந்தவர். மனைவி அந்த வருசம் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டா. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அவருடைய பேச்சு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"உங்கட மணிக்கூடு என்னையும் எழுப்புது, என்ர கோழியளையும் எழுப்புது. அது ஆருக்காக அடிக்குது?"

"எனக்காகத்தான், சேர்."

"சேரும் மண்ணாங்கட்டியும். நான் தறிக்கு எண்ணெய் விட்டவன். எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?"

"ஐஞ்சு மணிக்கு."

பிறகு தன்னுடைய ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கல்வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்குமாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைப் புகைபோக்கி. ஊருக்கு மேலே பென்டில் ஹில் என்று பெரிய மலை. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தானும் மனைவியும் இந்த இடத்தில் காணி வாங்கினோம் என்றார். பெயரை யாரோ நூல் ஆலைக்காரர் அங்கிருந்து கொண்டுவந்து வைத்தாராம். "மலையை மட்டும் அங்கையே விட்டிட்டு வந்திட்டார்," என்றார். மலை தேடித் தான் இரண்டு கிழமை சைக்கிளில் திரிந்த கதையையும் சொன்னார்.

அந்த ஊரில் அவருடைய தாயாரின் தொழில், ஆட்களை எழுப்புவது. பிள்ளையள், சிரிக்காதேயுங்கோ, அப்படி ஒரு தொழில் இருந்திருக்கிறது. ஏழைச் சனம் மணிக்கூட்டுக்கு எங்கே போகும்? வாசலில் ஒரு சிலேட்டுத் தொங்கும். அதில் சோக்கட்டியால் நாலரை, ஐந்து என்று எழுதியிருக்கும். தாயார் நீட்டுத் தடி ஒன்றின் நுனியில் கம்பியைக் கட்டிக்கொண்டு போய், மேல்மாடி யன்னல் கண்ணாடியில் சரக் சரக்கென்று தட்டுவாவாம். ஏழு வயதில் இவர் லாம்பு பிடித்துக்கொண்டு கூடப் போவாராம். கல்லுத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்க, மரத்தால் அடி வைத்த சப்பாத்துகளின் சத்தம் முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு தெரு முழுக்க மழை பெய்த மாதிரி ஆகுமாம். அதைச் சொல்லும்போது வேலிப் பலகையில் விரலால் தட்டிக் காட்டினார். எனக்கே அந்தத் தெரு கேட்டது.

"ஒரு சட்டம் இருந்தது," என்றார். "யன்னலிலை முகம் தெரியாமல் அம்மா அடுத்த வீட்டுக்குப் போக மாட்டா."

அடுத்த நாள் காலமை என் யன்னலில் எலி பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம். என் கனவுக்குள்ளேயே புகுந்து இழுத்தது. பார்த்தால், கிழவர் தன்னுடைய வளவுக்குள் நின்றபடி, பீன்ஸ் கொடிக்கு நட்ட மூங்கில் தடியில் உடுப்புக் கொழுவுகிற கம்பியைக் கட்டி, வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டிருக்கிறார். என் யன்னல் நிலத்திலிருந்து மூன்று அடி உயரம். கையால் தட்டினாலே போதும். ஆனால் தடி இல்லாமல் அது அந்தத் தொழில் இல்லை என்பது அவருடைய கட்சி. நான் முகத்தைக் காட்டினேன். போதாது, கையையும் தூக்கச் சொன்னார். அறைக்குள் தம்பி அசையவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை. மழையில் மழைக்கோட்டோடு வந்தார். தடிமன் பிடித்த நாளில் ஒரு தட்டுக்கு ஒரு தும்மலாக எழுப்பினார். ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

ஒக்டோபர் கடைசித் திங்கட்கிழமை. தம்பி வேலை நேர்முகம் ஒன்றுக்காக மெல்பேர்ன் போயிருந்தார். யன்னலில் தட்டுக் கேட்டது. எழும்பிக் கையைத் தூக்கினேன். வெளியே கிழவர் தடியோடு பளீரென்ற வெயிலில் நிற்கிறார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி.

"ஆறு!" என்று கத்தினேன்.

"ஐஞ்சு," என்றார் அவர், அமைதியாக. "என்ர மணிக்கூட்டிலை சரியா ஐஞ்சு."

வாதாட நேரமில்லை. ஒரு காலில் சப்பாத்தும் கையில் மற்றதுமாக ஓடினேன். ஸ்டேஷன் மணிக்கூட்டில் ஏழேகால். டிக்கெட் கொடுக்கிறவரிடம் உங்கள் மணிக்கூடு பழுதா என்று கேட்டேன். "நேற்று நேரம் மாத்தினது தெரியாதா, ஒரு மணித்தியாலம் முன்னுக்கு," என்றார். மணித்தியாலத்தைப் பிடித்து முன்னுக்குத் தள்ளுகிற நாடு ஒன்று இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு மணி பிந்தினேன் என்று வீட்டிலிருந்து ஓடினவன் ஸ்டேஷனில் இரண்டு மணி பிந்தினவனாகி நின்றேன். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போனது. நான் உங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

போர்மன் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தார். முன்னால், ஆளை வேலையால் நிறுத்துகிற தாள் ஒன்று.

"இண்டைக்குப் பதினொரு பேர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தவை. நேரம் மாறினது தெரியேல்லை எண்டினம். சரி, விட்டிட்டன். நீ இரண்டு மணித்தியாலம். எந்த நாட்டிலை இரண்டு மணித்தியாலம் மாறுது?"

வெளியே கதிரையில் இருக்கச் சொன்னார். தாளை எழுதி முடித்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். அரை மணித்தியாலம் இருந்திருப்பேன். அப்போது வாசல் காவல்காரர் வந்து, தடியோடு ஒரு கிழவர் நிற்கிறார், போகச் சொன்னாலும் போகிறார் இல்லை என்றார்.

பின்னாலேயே கிழவர் வந்துவிட்டார். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போடுகிற கோட்டு, கழுத்தில் ரை, தலையில் தொப்பி. கையில் அந்த மூங்கில் தடி. நுனியில் கம்பி ஆடுகிறது. ரயிலில் எப்படிக் கொண்டுவந்தாரோ தெரியாது. அதில் ஒரு காய்ந்த பீன்ஸ் இலையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் தாளிலை என்ர பேரை எழுதுங்கோ," என்றார் போர்மனிடம். "அவன்ர பேரை எழுத வேண்டாம்."

"நீங்கள் ஆர்?"

"இவனை எழுப்பிறவன்."

போர்மன் என்னைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கிழவர் நிமிர்ந்து நின்று, கோர்ட்டில் சாட்சி சொல்லுகிற மாதிரிச் சொன்னார். வீட்டில் மணிக்கூடு மாற்றுவது எப்போதும் மனைவிதான். இந்தத் தரம்தான் முதன்முதல் தானே மாற்றினார். தன்னுடைய ஊரில் ஒக்டோபர் வந்தால் குளிர் வரும், மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். சின்ன வயதுப் பழக்கம். சனிக்கிழமை படுக்கப் போகும்போது கை தன்பாட்டில் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஞாயிறு முழுக்கத் தோட்டத்துக்குள் நின்றதில் ஒரு சனத்தையும் காணவில்லை. இன்று இவன் கத்திக்கொண்டு ஓடின பிறகுதான் வானொலியைப் போட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் முன்னுக்குப் போக," என்றார் போர்மன் மெதுவாக, "நீங்கள் பின்னுக்குப் போனீங்கள்."

"ஓம்."

போர்மன் வாயைக் கையால் பொத்தினார். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு அடக்க முடியாமல் கதவைத் திறந்து, பக்கத்தில் வேலை செய்த இரண்டு ஃபிட்டர்மாரைக் கூப்பிட்டு, "இவர் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று கிழவரைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். கிழவர் சிரிக்கவில்லை. இரண்டாம் தரமும் அதே முறையாகச் சொன்னார்.

தாள் கிழிந்தது. எனக்குக் கிடைத்த தண்டனை, அடுத்த நாளிலிருந்து பின்னேர வேலை. "இரண்டு மணிக்கு வா," என்றார் போர்மன். "அதுக்கும் எழுப்ப ஆள் வேணுமெண்டால் நானே தடியோடை வாறன்."

கிழவரை ஸ்டேஷன்வரைக்கும் கொண்டுபோய்விட என்னை விட்டார்கள். வழியில் அவர் சொன்னார். எட்டு வயதில், ஒருநாள் கடும் பனிப்புகாரில் தாயார் ஒரு வீட்டைத் தவறவிட்டாவாம். விடிந்ததும் தடியோடும் மகனோடும் ஆலை வாசலில் போய் நின்று, பிழை என்னுடையது என்று மேற்பார்வைக்காரரிடம் சொன்னாவாம். அந்த ஆள் நிற்கவே இல்லை. ஈயை விரட்டத் தலையசைக்கிற மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான். எழும்பாத மனிதர் தறியை இழந்தார், குடும்பம் ஊரை விட்டே போனது.

"போற சனம் எல்லாம் எங்களைப் பாத்துது. எனக்கு வெக்கம். அம்மான்ர பாவாடைக்குப் பின்னாலை ஒளிஞ்சனான்." தடியை மற்றத் தோளுக்கு மாற்றினார். "ரயிலிலை வரேக்கை உங்கட போர்மன் நிண்டு கேப்பானா எண்டுதான் யோசிச்சனான். கேட்டான். சிரிச்சாலும் கேட்டான்."

"இனி என்னை எழுப்பத் தேவையில்லையே, சேர்," என்றேன். அதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பாப்பம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை தம்பி மெல்பேர்னிலிருந்து திரும்பினார். வேலை கிடைத்துவிட்டது. நல்லவேளை, சிட்னிக் கிளையில்தான். ஏழு மணிக்கே கந்தோருக்குப் போக வேண்டும். கதை முழுக்கக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு, வேலிப் பக்கம் போனார். "அங்கிள், என்னை அஞ்சே முக்காலுக்கு எழுப்புவீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்பது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு காலமையில் அந்தச் சத்தம் கேட்டு எழும்பி, நித்திரை குழம்பிக் கிடந்தது நான்.

நவம்பர் முடிவில் கடிதம் தந்தார்கள். ஒரு பக்கம், நாலு வரி. எந்த வரியிலும் நான் பிந்தினேன் என்று இல்லை. அடுத்த நாள் காலமை விண்ணப்பத்தோடு வைத்துத் தபாலில் போட்டுவிட்டு, வேலைக்குப் போக முன் வீட்டுக்கு வந்தேன். தம்பி போய்விட்டார். அறையில் ஒருவரும் இல்லை. என் கட்டிலைச் சுவரோடு தள்ளினேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்து யன்னல்வரைக்கும் ஒரு காலின் குதியோடு மற்றக் காலின் பெருவிரலை ஒட்டி ஒட்டி அடி வைத்து, உங்கள் மூன்று பேருக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பார்த்தேன்.