கையெழுத்து பொருந்தாத கோப்பு

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஏற்றுமதி அலுவலகம். வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் ஆர்டர் கோப்புகளைக் கம்ப்யூட்டரே பாதுகாப்பாக வாங்கிக்கொள்ளும்படி அமைத்துக் கொடுக்க, இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் அங்கே போயிருந்தேன்.

அதுவரை ஆர்டர்களைப் பேக்ஸில் வாங்கிவந்தவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒடிசலான உடம்பு, காதோரம் நரை, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. எந்தத் தாள் வந்தாலும், படிக்கும் முன்பே ‘கிடைத்தது’ என்று அனுப்பியவருக்கு ஒரு வரி போட்டுவிடுவார்.

நான் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்.

“தம்பி, இது அவிய அனுப்புனதுதான்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?”

“கோப்போட ஒரு ரகசியக் கையெழுத்து வரும்க்கா. பொருந்தலேன்னா அழிச்சிரும்.”

“அழிச்சிட்டு அவியகிட்ட சொல்லுமா?”

“சொல்லாது.”

“அப்பம் என்ன ஆச்சோன்னு காத்துல்லா கெடப்பாவ? வேண்டாம்னாக்கூட ஒரு வார்த்தை சொல்லிரணும் தம்பி. பதிலே வராமக் காத்துக் கெடக்கது பெரிய கொடுமை.”

அமைப்பை மாற்றினேன். பொருந்தாத கோப்பு தனியே நிற்கும். கோப்பில் பெயருள்ள வியாபாரியின் மின்னஞ்சலுக்குத் தகவலும் போகும்.

மறுநாள் வந்த முதல் கோப்பே பொருந்தவில்லை. தகவல் கிடைத்ததும் வியாபாரி போனில் கூப்பிட்டார். கையெழுத்தை மாற்றியதை எங்களிடம் சொல்ல மறந்துவிட்டாராம். தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரு மாத வேலை தரும் ஆர்டர் அது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் யாருடைய பதிலுக்காக அப்படிக் காத்துக் கிடந்தார், அது வந்ததா என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.