இராக்கம்மாவின் உட்கார்ந்த வேலை

இலங்கையில் தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் பெண்டாட்டிக்குச் சீலை வாங்கிக் கொடுக்கலாம், தோடு வாங்கிக் கொடுக்கலாம். அழகர் வாங்கிக் கொடுத்தது ஒரு வேலை. அதுவும் உட்கார்ந்த வேலை.

எழுபத்தெட்டாம் ஆண்டு மழையில் அவன் மனைவி இராக்கம்மா கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டாள். அடி பெரிதில்லை. ஆனால் அன்று அவளைத் தோளில் தூக்கி வந்தவன், இனி இவள் மலையேறக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டான். வளர்த்த சேவலைத் துணியில் சுற்றிக்கொண்டு, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் வீட்டுப் பின்வாசலில் மூன்று நாள் நின்றான். நாலாம் நாள் சேவல் குழம்பானது. இராக்கம்மா தொழிற்சாலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்த தேயிலையில் கிடக்கும் குச்சியைப் பொறுக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் அசைவது இரண்டு விரல்கள்.

அழகர் அத்தோடு விட்டானா? விடியும் முன், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடித்தான், விறகு சுமந்தான். அவள் எழப்போனால், “இரு புள்ள, நான் எதுக்கு இருக்கேன்?” என்று குடத்தைப் பிடுங்கிக்கொள்வான். பீலியில் நிற்கும் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“என்னா மாமா, நாளைக்குக் கூடையையும் மாட்டிக்கிட்டு வாங்க. பேரு கூப்புடுற பொம்பளப் பெரட்டுல ஒங்க பேரையும் போட்டுருவோம்,” என்பாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா.

“ஒம் புருசன் செய்யலேன்னு வயித்தெரிச்சல்,” என்று குடத்தைத் தோளில் ஏற்றுவான்.

மூன்று வருசத்தில் இராக்கம்மாவுக்குத் தொப்பை போட்டது, ரவிக்கைக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. ஆட்கள் எலும்பும் தோலுமாய்த் திரியும் லயத்து வரிசை வீடுகளில் அழகருக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. தோட்டத்துத் திருவிழாவில் அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தான். பார்க்கிறவன் நன்றாகப் பார்க்கட்டுமே.

பிறகு தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு வறண்டது, உடம்பு சோர்ந்தது. தேயிலைத் தூசிச் சூடு என்று அழகரே மருத்துவம் பார்த்தான்: சீனியை அள்ளிப் போட்ட தேத்தண்ணீர், நாளுக்கு ஐந்து கோப்பை. கூடவே இன்னும் கொஞ்சம் ஓய்வு.

எண்பத்திரண்டில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். சோதித்து முடித்ததும் அவள் வெளியே வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

“சீனி வருத்தம், நீரிழிவு. என்ன வேலை?”

“ஒக்காந்த வேலைங்க,” என்று அழகர் நெஞ்சை நிமிர்த்தினான்.

“அதுதான். மலையில நடந்த உடம்பு. தின்ற சாப்பாடு நடையில செலவாச்சு. இப்ப ரத்தத்திலே நிக்குது. சீனி நிப்பாட்டணும், மாத்திரை போடணும். சும்மா உக்காந்தே இருக்க வேணாம். அரை மணிக்கு ஒருக்கா எழும்பணும், தினம் நடக்கணும். காலையும் பாத்துக்கணும், புண் வந்தாத் தெரியாது.”

மாத்திரை போடுவதும் சீனியை நிறுத்துவதும் அழகருக்குச் சரி. நடையில்தான் சந்தேகம் தட்டியது. பிறந்ததிலிருந்து அவனை நடக்கச் சொன்னவர்கள் யார்? கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை. காய்ச்சலில் கிடந்தவனையும் ‘நடந்தாச் சரியாயிரும்’ என்று மலைக்கு விரட்டிய ஆட்கள். இந்த டாக்டரும் அந்தக் கூட்டம்தான். அவளை மறுபடி மலைக்கு இழுக்கத் துரை சொல்லிக் கொடுத்திருப்பான்.

“என்னா சொன்னாரு?” என்றாள் வாங்கில் இருந்தவள்.

“சீனி வேணாமாம். மாத்திரை குடுத்திருக்காரு. நல்லா ஒக்காந்து ஓய்வெடுக்கணுமாம்.”

எடுத்தாள். எண்பத்து நாலில் தொழிற்சாலைத் தரையில் கிடந்த தகரத் துண்டு அவள் பெருவிரலைக் கிழித்தது. அவளுக்குத் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள்தான் கத்தினாள். வலிக்காத புண் என்ன பெரிய புண் என்று அழகர் மஞ்சள் பற்றுப் போட்டான். பத்தாம் நாள் விரல் கறுத்தது. பதுளையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அதே டாக்டர் கட்டிலருகே வந்தார். “நடக்கச் சொன்னேன்தானே? நடக்கல்லியா?”

இராக்கம்மா புருசனைப் பார்த்தாள். அழகர் சுவரில் இல்லாத பல்லியைத் தேடினான். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் கேட்டாள்.

“சொன்னாரா?”

“சொன்னாரு. ஒன்னைய மறுபடி மலைக்கு அனுப்பிருவாங்களோன்னு...”

“ஆறு வருசமா மத்தியானமானா எந்திரிச்சு ஓடணும் போல இருக்கும் எனக்கு. காலு ரெண்டும் வெறகாட்டம் கெடக்கும். நீங்க அம்புட்டு ஆசையா வாங்கிக் குடுத்த வேலையாச்சே, எப்புடிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.”

அழகர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது, மிச்சமிருக்கும் காலிலும் உணர்ச்சி குறைகிறது, பார்த்துத் தினம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். இந்த முறை அழகர் ஒரு சொல் விடாமல் அவளிடம் ஒப்பித்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் பிடிக்க ஓடினான்.

“ஒக்காருங்க.”

“விழுந்துருவ புள்ள.”

“விழுந்தா விழுறேன். நீங்க ஒக்காருங்க.”

உட்கார்ந்தான். கோல் லயத்து வாசலோரமாய்த் தட்டித் தட்டிப் போனது. கருப்பம்மா வீடு வரை போயிருக்கும். நின்றது. என்னவோ தகரம் உருண்டது. அவன் பாதி எழுந்துவிட்டான்.

“ஒக்காருங்கன்னேன்!”

குரல் தரையோடு தரையாக வந்தது. அழகர் இரண்டு கையாலும் தன் முழங்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.