மலைமேல் பிஸ்தாவுக்குப் பருப்பு ஏறிய கோடை

பிஸ்தாவைக் கடையில் வாங்கிக் கொறிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்தக் காய்க்கு ஓடுதான் முதலில் வளரும். மே மாதத்திலேயே ஓடு முழு அளவுக்கு வந்து, கொத்துக்கொத்தாகத் தொங்கி, பார்க்கிறவனை மயக்கிவிடும். உள்ளே அப்போது ஒன்றும் இருக்காது. பருப்பு ஏறுவது அதற்கப்புறம்தான், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். ஏறாமலே போனாலும் போகும். பருப்பு உள்ளதும் பொக்கும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த இடைப்பட்ட நாட்களில் மனுஷன் எப்படித் தூங்குவான்? நான் தூங்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தென்காசிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்கு நின்று, மஸ்கட் வந்து ரூவியில் பெட்டி சுமந்து, ஒருவன் சிபாரிசும் இல்லாமல் இந்த ஜபல் அக்தர் மலைக்கு ஏறியவன். என் அர்பாப், முதலாளி, ஓமன்காரர், பெரிய குடும்பம். தோட்டத்து மோட்டார் அறைச் சாவியைச் சொந்தத் தம்பிகளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாதுளையும் ரோஜாவும் விளைகிற அந்தப் படிக்கட்டு வயல்களில், குளிர் கேட்கிற மரம் இங்கேதான் வரும், பிஸ்தா வைப்போம் என்று அவரிடம் சொன்னது நான். மலையில் வேறு எவனுக்கும் அது தோன்றவில்லை. கன்று வைத்து, காய்க்கிற வரை ஏழெட்டு வருஷம் தண்ணீர் விட்டதும் நான்தான்.

போன வருஷம் முதன்முதலாக மரம் நிறையக் காய்த்தது. அர்பாப் தம்பிகளை விருந்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஒரு காயை உடைத்தார். பொக்கு. இன்னொன்று. அதுவும் பொக்கு. தட்டு முழுக்க வெறும் ஓடு. தம்பிகள் சிரித்தார்கள். அவர் கோபித்துச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் என்னிடம் நிதானமாகச் சொன்னார்: இன்னும் ஒரு விளைச்சல் பார்ப்பேன், அதுவும் பொக்கானால் மேல் வயல், கீழ் வயல் இரண்டிலும் மரத்தை எடுத்துவிட்டு டூரிஸ்டுக்கு ரூம் கட்டுவேன். மரம் போனால் எனக்கு அங்கே என்ன வேலை? அறுபதைத் தாண்டியவனுக்குப் பொறுப்பு ஏற்று எந்தக் கபீல் புது விசா அடிப்பான்? அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ரூவியில் ஓர் உரக்கடை. இலையைக் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். சோதிக்கிற அம்மா தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. நான் கொண்டுபோன இலையைச் சோதித்துவிட்டு, இத்தனை வருஷமாய் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். மலை ஆட்டுப் புழுக்கையும் யூரியாவும், நான் கை நிறையப் போடுகிறவன், கருமித்தனம் நம்மிடம் கிடையாது என்றேன்.

“மரத்துக்குச் சோறா அள்ளி வச்சிருக்கீய அண்ணாச்சி. உப்பு போட மறந்துட்டீயளே” என்றாள்.

போரான் இல்லை, துத்தநாகம் இல்லை. போரான் குறைந்தால் பூ பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே கரு நிற்காது. துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துப்போகும். பருப்பு ஏறுகிற சமயத்தில் பொட்டாஷும் தண்ணீரும் தட்டக் கூடாது. போரான் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தென்னையில் குரும்பை உதிர்ந்தால் போராக்ஸ் போடுவோமே, அதுதான். அந்த வேலையை நான் மீசை முளைக்கும் முன்பே செய்தவன் என்றேன். தென்னைக்குப் போட்ட கையோடு இதற்குப் போட்டால் இலை ஓரமெல்லாம் கருகிவிடும் என்று அவள் அளவை இரண்டு தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். சொன்னேன். மொட்டு பருக்கிற நேரத்தில் அந்த அளவுக்குத்தான் அடித்தேன். ஓர் இலை கருகவில்லை.

ஆனால் சத்து மட்டும் போதாது. பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் மலையில் ஆண் மரம் அவசரப்பட்டு முதலில் பூத்துவிடும். பெண் மரம் ஆற அமர விழிக்கும்போது மகரந்தமெல்லாம் காற்றோடு போயிருக்கும். இதைக் கண்டுபிடித்தது நான். பேரீச்சைக்காரர்கள் மகரந்தத்தைச் சேர்த்து வைத்து, மாவில் கலந்து தூவுகிறார்களே, அதையே இதற்கும் செய்வோம் என்று முடிவு கட்டினேன்.

ஆண் பூ முற்றிய நேரம் பார்த்துப் பொட்டாஷ் வாங்க நான் ரூவி போக வேண்டியதாயிற்று. என் ரூமில் இருக்கிற புதுக்கோட்டைக்காரன், நாற்பது வயது ஆள், முன்பு புஜைரா பக்கம் பேரீச்சைத் தோட்டத்தில் ஏறி இறங்கியவன். பூவைப் பறித்து வை என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மேல் வயலில் ஒவ்வொரு பெண் மரத்திலும் ஆண் பூங்கொத்து தொங்குகிறது. பேரீச்சைப் பாளைக்குள் கட்டுவதுபோல நாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். பெண் மொட்டு ஒன்றுகூட விரியவில்லை. கட்டிய பூ வெயிலில் காய்ந்து, தொட்டால் பொடிந்தது.

“என்னடா இது?”

“கட்டத்தானே பறிக்கச் சொன்னிய பெரிசு? பேரீச்சைக்கு இப்படித்தான். நீங்க வர்றதுக்குள்ள பாதி முடிச்சிட்டேன்” என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அவனை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத முடியாது. மிச்சம் இருந்த ஆண் பூவைப் பறித்துத் தாளில் உலர்த்தி, சலித்து, காபித்தூள் பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். மைதாவோடு கலந்து, பெண் பூ விரிந்ததும் காற்று அடங்கிய காலை நேரத்தில் தூவினேன். கீழ் வயலுக்கு நன்றாக வந்தது. மேல் வயலுக்குப் போனபோது பாட்டிலில் பெரும்பாலும் மைதாதான்.

அப்புறம் ஓடு வளர்ந்தது. மகரந்தம் சேராவிட்டாலும் ஓடு வளரும், அதனால் இரண்டு வயலிலும் ஒரே மாதிரிதான் வளர்ந்தது, அதுதான் கொடுமை. அர்பாப் வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்து, இந்தத் தடவை தம்பிகள் வாயை அடைத்துவிடலாம் என்றார். விடிந்ததும் கத்தியோடு மரத்தடிக்குப் போவேன், ஒரு காயை அறுப்பேன். வெறும் ஓடு, ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. டீ குடித்துவிட்டு இன்னொன்று அறுப்பேன். காலையில் கடுகாக இருந்தது மத்தியானத்தில் அரிசியாகிவிடுமா? தெரிந்தும் அறுப்பேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் சொட்டுநீர்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பேன். ஊரில் இருந்து வீட்டுக்காரி போன் பண்ணினால் பாதிப் பேச்சில் வைத்துவிடுவேன். ரூவி அம்மாவுக்கும் போன் போட்டுப் போட்டு, கடைசியில் அவள் சொன்னாள்: “அறுத்துப் பாத்தே எல்லாத்தையும் தீத்துருவீய போலுக்கு அண்ணாச்சி. அறுவடைக்கு நாலு காய் மிச்சம் வைங்க.”

ஜூலையில் கீழ் வயல் காயில் பச்சையாய்ப் பருப்பு திரண்டது. மேல் வயல் காயை ஒரு நாளும் அறுக்கவில்லை. என் கை அந்தப் பக்கம் போகவில்லை.

காயின் மேல்தோல் சிவந்து நெகிழ்ந்ததும் அர்பாப் வந்தார். இந்தத் தடவை தம்பிகள் இல்லை, தட்டும் இல்லை. நான் ஒரு வாளியில் தண்ணீர் வைத்தேன். தோல் உரித்துத் தண்ணீரில் போட்டால் பருப்புள்ளது முங்கும், பொக்கு மிதக்கும். கீழ் வயல் காயை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். கூழாங்கல் மாதிரி முங்கியது. ஒன்றிரண்டுதான் மேலே. அர்பாப் ஒன்றை எடுத்து, வெடித்திருந்த ஓட்டை நகத்தால் பிளந்து தின்றார். இன்னொன்று தின்றார். பிறகு மேல் வயல் காயைப் போடச் சொன்னார். போட்டேன். வாளியை மூடியதுபோல் மிதந்தது.

ஏன் என்று கேட்டார். புதுக்கோட்டைக்காரன் எனக்குப் பின்னால் நின்றான். மகரந்தம் போதவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் மேல் வயலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரூமை அங்கே கட்டலாம், கீழ் வயல் உன்னுடையது என்றார். அடுத்த வருஷம் இதைப்போல் இரண்டு பங்கு வேண்டும் என்றார்.

அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் மூடியிருப்பான். இந்த மரம் ஒரு வருஷம் நிறையப் பருப்பு பிடித்தால் மறு வருஷம் குறைத்துத்தான் காய்க்கும், அது அதன் குணம் என்று சொல்லிவிட்டேன். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

அவர் கை துடைத்த துணியை மடித்தார். மடித்துக்கொண்டே சொன்னார்: “மரம் ரெஸ்ட் எடுக்கட்டும் பாபா. நீ எடுக்காதே. விசா முடியப்போகுதுல்ல? பாஸ்போர்ட்டைக் கொண்டுவா.”

வண்டி மலை இறங்கியதும் புதுக்கோட்டைக்காரன் டீ போட்டுக் கொண்டுவந்தான். சர்க்கரையை வஞ்சனை இல்லாமல் போட்டிருந்தான். நான் அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் வரப்பில் வைத்துவிட்டுக் கீழ் வயலுக்கு இறங்கினேன். காய் இல்லாத கிளையாகப் பார்த்து இலை பறித்துச் சோதனைக்குக் கொடுக்கிற பருவம் அதுதான். நாளை விடிந்ததும் ரூவிக்கு வண்டி பிடிக்க வேண்டும். டீ ஆறட்டும்.